அருவிக்கரையில் லுங்கி

பர்மாவின் இரங்கூனிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, பெகு வழியே சித்தாங் ஆற்றைக் கடந்து, கின்பூன் அடிவாரத்தில் இறங்கி, தங்கப்பாறை வீற்றிருக்கும் கியாய்க்டியோ மலைக்குச் சுமார் 7 மைல் காட்டுப்பாதையில் நடந்தேறும் கோஷ்டிகளைக் காணும்போதெல்லாம், என் கண் அவர்கள் இடுப்பிலுள்ள லுங்கியின் மீதே லயித்துவிடுகிறது. இரு முனைகளையும் மூட்டித் தைத்த ஒரு துணி, அவ்வளவுதான். ஏற்றம் செங்குத்தானால் ஆடவர் அதைக் கால்களுக்கிடையே வாங்கிப் பின்னே செருகிக்கொள்கிறார்கள், நம்மூர்த் தார்ப்பாய்ச்சியேதான்.

அருவி கண்ணில் பட்டுவிட்டாலோ, பெண்கள் அதையே மார்புக்கு உயர்த்தி முடிந்து நீராடி, கரையேறியதும் உலர்ந்த மற்றொன்றைத் தலைவழியே மாட்டி, மேல்விளிம்பைப் பல்லால் கவ்வியபடி ஈரத்துணியை உள்ளிருந்தே நழுவவிடும் லாகவம், பலர் நடுவே நிகழ்ந்தும் லஜ்ஜைக்கு அணுவளவும் பங்கம் விளைவிக்காத ஒரு வித்தை. சிறுவர்களோ நனைந்த லுங்கிக்குள் காற்றை அடைத்து, வாயை இறுக்கிப் பிடித்து, அதையே மிதவையாக்கி மடுவில் மிதக்கிறார்கள்.

சென்னைக் கைலிகள் மூட்டை மூட்டையாகப் பர்மாவுக்குக் கப்பலேறிய காலம் ஒன்றுண்டு. வாங்கியவர்களின் ரசனையை நாம் குறை சொல்வதற்கில்லை. இதே அருவிக்கரைக்குக் கால்சட்டை அணிந்து வரும் நவநாகரிக இளைஞன், குளித்தபின் சொட்டச் சொட்ட நின்று, நண்பனிடம் லுங்கி இரவல் கேட்பது சகஜம்.