ஏழு சொற்கள் நீங்கிய பின்

இந்தோனேசியக் குடியரசைச் சமயச் சார்பற்ற அரசு என்பாரும் உளர். இசுலாமிய அரசு என்பாரும் உளர். இரண்டும் பொருந்தா. குடிகளிற் பத்தில் எண்மருக்கு மேற்பட்டோர் முஸ்லிம்களாயிருந்தும், அந்நாட்டின் அரசியற்றிட்டம் இசுலாத்தை அரசாங்க சமயமாக விதிக்கவில்லை. சமயத்தினின்று விலகி நிற்பதாகவும் அது கூறவில்லை. முழுமுதலாகிய ஓர் இறைவனில் வைக்கும் நம்பிக்கையே அரசின் அடிப்படை என்பது அதன் வாசகம். எல்லாச் சமயத்தாரும் ஏற்கத்தக்க நடுநிலைத் தொடர் இது என்று அரசியல் நூலார் பலர் பாராட்டியுள்ளனர். அப்பாராட்டு முழுவதும் தகுமா என்பது ஆராயற்பாலது.

1945ஆம் ஆண்டு யூன் மாதம் 1ஆம் நாள் சுகர்ணோ பஞ்சசீலம் என்னும் ஐந்து கொள்கைகளை எடுத்துரைத்தபோது, இறைநம்பிக்கை அவற்றுள் ஐந்தாவதாகவே நின்றது. மூன்று வாரங் கழித்து, ஒன்பதின்மர் குழு 22ஆம் நாள் இயற்றிய ஜகார்த்தாப் பட்டயத்தில் அது முதலாவதாயிற்று. ஆங்கு, இசுலாத்தைத் தழுவியோர் அதன் சட்டநெறியைக் கைக்கொள்ளுங் கடப்பாடுடையர் என்னும் பொருள்பட, அந்நாட்டு மொழியில் ஏழு சொற்கள் உடன் சேர்க்கப்பட்டன. ஓகத்து 17இல் விடுதலை அறிவிக்கப்பட்டது. அச்சொற்கள் நிலைக்குமாயின் கிழக்குத் தீவுகளின் கிறித்தவர் குடியரசிற் சேரார் என்னுஞ் செய்தியை அன்று மாலை யப்பானியக் கடற்படை அலுவலர் ஒருவர் கொணர்ந்தார் என்று முகம்மது ஹத்தா பின்னாளில் எழுதியுள்ளார். மறுநாட் காலை ஹத்தா முஸ்லிம் தலைவர்களோடு உரையாடினார். ஏழு சொற்களும் நீங்கின. நாட்டின் அதிபர் முஸ்லிமாதல் வேண்டும் என்ற விதியும் நீங்கிற்று.

இதன் பெருமையைக் குறைத்து மதித்தல் நேர்மையன்று. முகம்மதியா இயக்கத்தின் தலைவர் கீ பாகூஸ் ஹாடிக்குசுமோ எளிதில் இசைந்தாரல்லர், எனினும் இசைந்தார். பெரும்பான்மையோர் தம் கையிலிருந்த வாசகத்தைச் சிறுபான்மையோரின் அச்சங் கருதி ஒரே காலைப்பொழுதில் விட்டுக்கொடுத்த நிகழ்ச்சிகள் உலக அரசியலிற் பல அல்ல.

ஆயின் சொற்கள் நீங்கினவேயன்றி, அவை வார்க்கப்பட்ட அச்சு நீங்கவில்லை. இறைநம்பிக்கை முதலாங் கொள்கையாகவே நிலைத்தது. 1946 சனவரி 3ஆம் நாள் சமய அமைச்சு ஒன்று நிறுவப்பட்டது. அரசு சமயத்தைப் பேணுமெனின், எது சமயம் என்பதை யாரேனும் தீர்மானித்தல் வேண்டும். அப்பணி இவ்வமைச்சினைச் சார்ந்தது. ஓர் இறைவன், ஒரு தீர்க்கதரிசி, ஒரு திருநூல் என்பனவே 1950களில் அது கையாண்ட அளவுகோல். இசுலாத்துக்கும் கிறித்தவத்துக்கும் அமைந்த அளவு இது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

இவ்வளவுகோலாற் பாலித்தீவு மக்கள் சமயமற்றோராயினர். ஊர்தோறுங் கோயிலும், வடமொழி மந்திரமும், முன்னோர் வழிபாடும், தீர்த்தமும் உடைய ஒரு மக்கட் கூட்டம், இன்னும் ஒரு சமயத்திற் சேராதவராக எண்ணப்பட்டமை வியப்பே. அவர்கள் தம் நெறிக்கு ஒரு பெயரே நிலையாக வைத்திருந்தாரல்லர். சிலர் அதனைத் தீர்த்த ஆகமம் என்றனர். பெயரில்லாததற்கு அமைச்சில் இடமில்லை. எனவே 1958இற் பாலியின் சமய அமைப்புகள் சுகர்ணோவிடமே முறையிட்டன. அவர்தம் தாயார் பாலிப் பெண்மணி. அவ்வாண்டே ஏற்பு கிடைத்தது. 1959இல் அமைச்சில் ஒரு பிரிவும், பாலியிற் பரிசத என்னும் சமயப் பேரவையும் தோன்றின.

ஏற்புக்குக் கொடுத்த விலை சிறிதன்று. சங் யங் விதி என்னும் ஓர் இறைவன் எல்லாத் தெய்வங்கட்கும் முன் நிறுத்தப்பட்டான். வேதம் திருநூலாகவும், இருடிகள் தீர்க்கதரிசிகளின் இடத்திலும் வைக்கப்பட்டனர். பஞ்ச சிரத்தை என ஐந்து நம்பிக்கைகள் வகுக்கப்பட்டன. நாளும் மும்முறை ஓதும் திரிசந்தியை மாணவர் பாடங் கேட்டனர். பாலியர் தம் நெறியைப் பொய்யாகத் திரித்தார் எனல் மிகை. அதற்குரிய வித்துகள் அவர்தம் பழஞ்சுவடிகளிலேயே இருந்தன. இறைவன் ஒருவனே என்பது சைவசித்தாந்திகட்கும் புதிதன்று. பதி ஒன்றென்பது அவர்தந் துணிபு. ஆயினும் ஒரு கொள்கை உண்மையாதல் வேறு. அதனை அமைச்சின் அலுவலகத்தில் மெய்ப்பித்த பின்னரே ஒருவன் தன் சமயத்தின் பெயரைச் சொல்லலாம் என்றல் வேறு.

பாலியர்க்கு நேர்ந்தது பிறர்க்கும் நேர்ந்தது. படைப்புக் கடவுளைக் கூறாத பௌத்தரும் ஆதிபுத்தனைப் பரம்பொருளாக எடுத்துக்காட்டினர். கலிமந்தானின் காகரிங்கன் நெறியினர் 1980இல் இந்து என்னும் பெயரினுட் புகலடைந்தனர். தாம் புகலிடம் தேடிய பெயரே இருபத்திரண்டாண்டுகளில் பிறர்க்குப் புகலிடமானதைப் பாலியர் எவ்வாறு நோக்கினரோ! பெயர் பெறாத தொல்குடி நெறியினர் தம் அடையாள அட்டையிற் சமயம் என்ற இடத்தை வெறுமையாக விட நேர்ந்தது. 2017 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அளித்த தீர்ப்பே அவர்க்கு அவ்விடத்தை வழங்கிற்று.

குறை இசுலாத்தினது என்று துணிவார்க்கு வேறொரு செய்தி தடையாகும். சமயத்தை வரையறுக்கும் அதிகாரம், நல்ல முஸ்லிம் யார் என்பதையும் வரையறுக்கத் தொடங்கிற்று. 2008இல் அகமதியர் தங் கொள்கையைப் பரப்பலாகாதென அமைச்சர் இருவரும் சட்டமா அதிபரும் கூட்டாணை பிறப்பித்தனர். அவ்வாணைக்கு வேரான 1965ஆம் ஆண்டின் சமய நிந்தனைச் சட்டத்தை எதிர்த்து அரசியலமைப்பு நீதிமன்றஞ் சென்றோருள் நஹ்தத்துல் உலமாவின் முன்னாட் தலைவரும், 1999 முதல் 2001 வரை நாட்டின் அதிபராயிருந்தவருமாகிய அப்துர்ரஹ்மான் வாஹித்தும் ஒருவர். ஜகார்த்தாப் பட்டயத்தில் ஒப்பமிட்ட ஒன்பதின்மருள் ஒருவரும், பின்னர்ச் சமய அமைச்சராயிருந்தவருமாகிய வாஹித் ஹாஷிம் அவர்தம் தந்தையார். தந்தை கட்டியெழுப்பிய ஏற்பாட்டின் எல்லையை மகன் வழக்கு மன்றிற் கேள்விக்குரியதாக்கினார். 2009 திசெம்பரில் அவர் மறைந்தார். அடுத்த ஏப்பிரலில் நீதிமன்றம் சட்டம் செல்லுமெனத் தீர்த்தது. ஒன்பது நீதிபதிகளுள் ஒரே ஒருவர் மாறுபட்டார்.