முடிச்சை நம்பலாமா?

ஐப்பசி பிறந்துவிட்டால் யட்டவத்தப் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் வண்டி புதையாத வாரம் அபூர்வம். மாத்தளை நகருக்கு வடமேற்கே, மிளகுக்கொடியும் கொக்கோவும் இறப்பரும் கலந்து நிற்கும் சரிவுகளுக்குள் இறங்குகிற மண்வழிகள் அவை. பொலேரோ, பழைய லேண்ட் ரோவர், சில வேளை உரமூட்டை ஏற்றிய லேண்ட்மாஸ்டர் என்று எது புதைந்தாலும் முதலில் வருவது சங்கிலி. அதன் இரு முனையிலும் குறுக்காணி போட்டுப் பூட்டும் இரும்பு ஷெக்கிள். இழுக்கிறவர் திரும்பிப் பார்க்காமல் மிதிப்பார். சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளைத் தள்ளி நில்லுங்கள் என்று சொல்ல யாருக்கும் தோன்றாது.

19 மில்லிமீட்டர் இரும்பு ஷெக்கிள் ஒரு கிலோவுக்கு மேல். இழுவை உச்சத்தில் இருக்கும்போது அதைத் தாங்கிய கொக்கியோ போல்ட்டோ பிய்ந்தால், அந்தக் கனமும் சேர்ந்து பறக்கும். அவுஸ்திரேலியாவில் இப்படிப் பிய்ந்து பறந்த இரும்பு, கண்ணாடியைத் துளைத்து உள்ளே இருந்தவர்களைக் கொன்றிருக்கிறது. அதே வேலையைச் செய்கிற கயிற்று ஷெக்கிள் இருநூறு கிராம்கூட வராது. மடித்த கயிற்றின் ஒரு முனையில் சுருங்கி விரியும் கண், மறுமுனையில் குமிழ் போன்ற முடிச்சு. கண்ணை விரித்து முடிச்சை நுழைத்து இழுத்தால் பூட்டிக்கொள்ளும். பாய்மரப் படகுக்காரர்களிடமிருந்து காட்டுப்பாதைக்கு வந்த பொருள் இது.

இரும்பா கயிறா என்பதில் எனக்கு இப்போது தயக்கமில்லை. தயக்கம் வேறிடத்தில். இரண்டு, இரண்டரை மீட்டர் கயிறு இருந்தால் இதை வீட்டு விறாந்தையிலேயே கட்டிவிடலாம். பிறகு ஏன் கடையில் வாங்க வேண்டும்?

மிச்சப்படும் பணத்தைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். அது அவ்வளவு பெரிய காரணமல்ல. 2022இல் ரூபாய் சரிந்த பிறகு வெளிநாட்டுப் பொருளின் விலை நம்மை மிரட்டுவது உண்மை. ஆனால் நல்ல கயிறும் கப்பலில்தான் வருகிறது. ஒரே ஒரு ஷெக்கிளுக்காகக் கயிறு வாங்கினால் மிச்சம் சொற்பம். நான்கைந்து கட்டினால்தான் கணக்கு நம் பக்கம் சாயும்.

கடைச் சரக்கின் சீட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். இரும்பு ஷெக்கிளின் உடலில் 4.75 டன் என்று பொறித்திருந்தால் அது வேலைச்சுமை. முத்திரை நேர்மையானதென்றால், அறுவதற்கு அதைப் போல ஆறு மடங்கு, அதாவது 28 டன்னுக்கு மேல் வேண்டும். கயிற்று ஷெக்கிளின் சீட்டில் 15, 16 டன் என்று போடுகிறார்களே, அது பெரும்பாலும் அறும் சுமை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர் கயிறு மூன்று மடங்கு வலுவானது என்று எண்ணிக்கொண்டு வீடு போகிறார். பாதுகாப்புக்காக 16 டன்னை ஐந்தால் வகுத்தால் வருவது மூன்று டன் சொச்சம். அதுதான் நம்பி இழுக்கக்கூடிய சுமை. கயிற்றை நான் விரும்புவது அதன் கனமின்மைக்காக. இரும்பைவிட வலுவானது என்று நினைத்து அல்ல. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விற்கிற சரக்கை எந்த விலைக்கும் வாங்கக்கூடாது. அறும் சுமை, வேலைச்சுமை இரண்டையும் தனித்தனியே எழுதி, மாதிரிகளை இழுத்து அறுத்துப் பார்த்த சான்றையும் தருகிற தயாரிப்பாளருக்கு மட்டுமே கூடுதல் காசு தகும்.

இனி, கட்டுகிறவரின் பக்கம். அங்கே முதல் ஆபத்து முடிச்சில் இல்லை, கயிற்றிலேயே இருக்கிறது. இந்த வேலைக்கு வேண்டியது டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் வரும் உயர்வலுப் பொலிஎதிலீன், பன்னிரண்டு புரிகளாகப் பின்னியது. 10 மில்லிமீட்டர் கயிறு ஏறத்தாழ 9 டன் தாங்கும். அதே தடிமனில் மீன்பிடிச் சாமான் கடையில் நாம் வாங்கும் கயிறு, எல்லோரும் நைலோன் என்று சொன்னாலும், பெரும்பாலும் பொலிப்ரொப்பிலீன். அது ஒன்றரை டன்னிலேயே அறும். தண்ணீரில் போட்டுப் பார், மிதந்தால் நல்ல கயிறு என்று ஒரு சோதனை வாய்வழியாகச் சுற்றுகிறது. அதை நம்பவே கூடாது. உண்மையான நைலோன் மூழ்கும், பொலியெஸ்டர் மூழ்கும். ஆனால் பொலிப்ரொப்பிலீனும் டைனீமாவும் இரண்டுமே மிதக்கும். தீயில் காட்டினாலும் இரண்டும் உருகும். ஆகவே எந்த ரீலிலிருந்து வெட்டியது, யார் தயாரித்தது என்று காட்டமுடியாத கயிற்றில் ஷெக்கிள் கட்டுவது வேண்டாத வேலை.

கயிறு சரியென்றால் மிஞ்சுவது முடிச்சு. ஷெக்கிளைப் பூட்டினால் சுமை நான்கு இழைகளில் பகிர்கிறது. அப்படியானால் கயிற்றின் வலுவைப் போல நான்கு மடங்கு தாங்க வேண்டுமே? தாங்காது. முடிச்சு போட்ட இடத்தில் கயிறு வளைந்து நெரிபடுவதால் ஏறக்குறைய இரண்டு மடங்கோடு நின்றுவிடும். அதுவும் முடிச்சு பிடித்து நின்றால். இந்தக் கயிறு மெழுகு பூசியதுபோல் வழுக்கும். குமிழுக்கான டயமண்ட் முடிச்சைக் கண்ணுக்கு அழகாகப் போட்டுவிட்டு மிஞ்சும் வாலை ஒட்ட வெட்டினால், முதல் பெரிய இழுவையில் வால் உள்ளே போகும், முடிச்சு அவிழும். செயின் பிளாக்கில் மாட்டி இழுத்து இறுக்கிய பிறகுதான் வாலில் கத்தி வைக்க வேண்டும். அப்போதும் தாராளமாக விட்டு.

கையால் கட்டியது என்பதாலேயே அதைத் தாழ்வாக எண்ணுவதை நான் ஏற்கவில்லை. கடையில் விற்கும் ஷெக்கிளின் முடிச்சும் பெரும்பாலும் யாரோ ஒருவர் கையால் போட்டதுதான். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தது. கடல் நெடுக மாலுமிகளின் உயிர் அவர்கள் கட்டிய கயிறுகளில்தான் இருந்தது. ஆனால் அந்தக் கைகள் தினமும் கட்டின. நாமோ வருடத்துக்கு இரண்டு கட்டுகிறோம். தொழிற்சாலைக்காரருக்கு இருக்கிற அனுகூலம் நூறாவது முடிச்சும், அறுத்துப் பார்க்கிற இயந்திரமும். 16 டன் இழுத்து அறுத்துப் பார்க்க யட்டவத்தயில் யாரிடம் வசதி இருக்கிறது?

இந்த இடத்தில் நான் நெடுநாள் சிக்கி நின்றேன். வழி காட்டியது ஒரு மெல்லிய கயிறு. 3 மில்லிமீட்டர் டைனீமா ஏறக்குறைய ஒரு டன் தாங்கும். அதில் கட்டிய ஷெக்கிள் இரண்டு டன்னுக்குள் அறும். மூன்று டன் செயின் பிளாக் கராஜிலேயே உண்டு. முடிச்சு அதே முடிச்சு; வாலின் நீளத்தை மட்டும் தடிமனுக்கு ஏற்பக் குறைத்தேன். நான்கு கட்டி, மேலே ஈரச்சாக்கு போர்த்தி, சுவருக்குப் பின்னால் நின்று கராஜ் பாஸும் நானும் ஒவ்வொன்றாக இழுத்தோம். முதல் இரண்டும் அறவில்லை, வழுக்கி அவிழ்ந்தன. இரண்டும் நான் பெருமையோடு கட்டியவை. மூன்றாவதும் நான்காவதும் முடிச்சின் கழுத்தில் அறுந்தன. அற வேண்டிய இடம் அதுதான். அன்று அந்தச் சாக்கைத் தூக்கிப் பார்த்திராவிட்டால், வழுக்கும் முடிச்சை 10 மில்லிமீட்டரில் கட்டி யாராவது ஒருவரின் ஜீப்பில் மாட்டக் கொடுத்திருப்பேன்.

இழுவையின் வகையையும் கணக்கில் எடுக்க வேண்டும். மாத்தளை முத்துமாரியம்மன் தேர்வடத்தை நூற்றுக்கணக்கான கைகள் மெல்ல மெல்லத்தான் இழுக்கின்றன. விஞ்ச் இழுப்பதும் அப்படித்தான். சுமை படிப்படியாக ஏறும், முடிச்சு நழுவத் தொடங்கினால் நிறுத்த நேரம் இருக்கும். நீளும் நைலோன் கயிற்றைக் கட்டி ஓடிவந்து சுண்டி இழுப்பது வேறு. அந்த ஒரு கணத்துச் சுமை வண்டியின் எடையை எளிதில் தாண்டிவிடும். நிறுத்த நேரம் கிடையாது.

ஆகவே என் தீர்ப்பு இது. விஞ்சுக்குக் கட்டிக்கொள்ளலாம், ரீல் தெரிந்த கயிற்றில், மெல்லிய கயிற்றில் கட்டி அறுத்துப் பார்த்த பிறகு. சுண்டி இழுப்பதற்குச் சான்றோடு விற்பதையே வாங்க வேண்டும். அறுத்துப் பார்க்கப் பொறுமை இல்லாதவர் இரண்டுக்கும் வாங்கட்டும். சான்றும் இல்லாமல் பெரிய எண்ணை மட்டும் அச்சிட்டு மலிவாக வருவதைவிட, சோதித்த கையின் முடிச்சு எவ்வளவோ மேல்.

கட்டத் தெரிந்தவருக்கு இன்னொரு பலன் உண்டு. என்னைப் பொறுத்தவரை பணத்தைவிட அது பெரிது. எந்த இடத்தில் தேயும், எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நம் மலைமண்ணின் படிக மணல் புரிகளுக்குள் புகுந்து உள்ளிருந்தே அறுக்கும். கூரான இரும்பு விளிம்பு வெளியிலிருந்து அறுக்கும். சூடான சைலன்சரில் பட்டால் 150 பாகைக்குள்ளேயே உருகிவிடும். என் வண்டிப் பெட்டியில் இப்போது வாங்கியவை இரண்டு, கட்டியவை நான்கு. கட்டியவற்றில் வருடத்துக்கு ஒரு நிற நூல் சுற்றியிருக்கிறேன். ஒவ்வொரு இழுவைக்குப் பிறகும் எல்லாவற்றையும் பீலித் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, புரியைப் பிரித்து உள்ளே பார்க்கிறேன். மூன்றாம் வருட நூல் சுற்றியதை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், யாரும் எடுத்து மாட்டிவிடாதபடி நடுவில் வெட்டிப் போடுகிறேன்.