அண்ணாச்சி செய்யாதது

'ஃபோர்ட்நைட்' வீடியோ கேமில் சுடுவது இலவசம். சட்டை மாற்றத்தான், டான்ஸ் ஆடத்தான் 'வி-பக்ஸ்' என்கிற பொம்மைக் காசு. அதற்கு அப்பாவின் கிரெடிட் கார்டு. ஒருமுறை நம்பர் கொடுத்துவிட்டால் அதுபாட்டுக்கு ஞாபகம் வைத்துக்கொண்டது. 2018 வரை பையன் பட்டனை அமுக்கினாலே போதும். அப்பாவை ஒரு வார்த்தை கேட்பதில்லை.

பில் வந்ததும் பையனுக்குத் திட்டு. அப்பா கார்டு கம்பெனியிடம் 'இதை நான் வாங்கலை சார்' என்று புகார் செய்தால்? கேமை நடத்தும் எபிக் நிறுவனம் கணக்கையே பூட்டியது. முறையாக வாங்கிய சட்டைகளும் உள்ளே! பில்லில் தப்பு என்றதற்காகப் போன மாச அரிசியையும் பிடுங்கிக்கொள்கிற அண்ணாச்சி உண்டா?

அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் விடவில்லை. 2022 டிசம்பரில், 24.5 கோடி டாலரைத் திருப்பித் தர எபிக் சம்மதித்தது. புகார் செய்தவர் கணக்கை இனி பூட்டவும் கூடாது.

பையன் வாங்கிய திட்டுக்கு ரீஃபண்ட் உண்டா என்று தேடினேன். காணோம்.