மழவரையர் மகள்

சோளக்காட்டுச் சந்தை கலைந்த ஒரு மாலை. மழைக்கு ஒதுங்கி வந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நம் மேசையின் மேல் கிடந்த ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தைப் புரட்டிக் கொண்டிருந்தாள். 2022-இலும் 2023-இலும் வந்த திரைப்படங்களைப் பார்த்துவிட்டு நூலைத் தேடி வந்த பிள்ளைகளுள் அவளும் ஒருத்தி. “சாமி, இந்தப் பெரிய பிராட்டிக்குப் பேரு என்ன?” என்று கேட்டாள். “செம்பியன் மாதேவி” என்றோம். “செம்பியன்னா சோழன்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க? அப்போ அது கலியாணத்துக்கு அப்புறம் வந்த பேரு. அதுக்கு முன்னாடி?”

நம்மிடம் விடை இல்லை. அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அப்புதினத்தை மீண்டும் ஒருமுறை படித்தோம்.

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்த அப்பெருங்கதையில், அரச குடும்பத்துக்கு வாழ்க்கைப்படவிருக்கும் குறுநில மன்னர் குலத்துப் பெண்ணின் இளமை எப்படித் தீட்டப்பட்டிருக்கிறது என்பதை அறிய விரும்புவோர் வானதியைப் பார்க்க வேண்டும். கொடும்பாளூர் வேளிர் குலத்தில் பிறந்து, தாயைச் சிறுவயதிலேயே இழந்து, தந்தையை ஈழப்போரில் பறிகொடுத்து, பழையாறை அரண்மனையில் குந்தவையின் நிழலில் வளர்பவள் அவள். ஈழம் புறப்படும் இளவரசர் முன் விளக்கேந்தி நின்றவள், தட்டை நழுவவிட்டு மயங்கி விழுகிறாள். தோழியர் கேலி செய்கின்றனர், அவள் அழுகிறாள், அஞ்சுகிறாள், கதை முடியுமுன் அரியணையில் அமர்வதில்லை என்று சபதம் செய்யும் அளவுக்குத் துணிவும் பெறுகிறாள். ஒரு பெண் வளர்வதை நாம் கண்முன் காண்கிறோம். கல்கியின் கை இங்கே தாராளமான கை.

அதே கை மழவரையர் மகளிடம் வரும்போது சுருங்கிவிடுகிறது. முதல் மனைவியை இழந்த கண்டராதித்தர் முதிர்ந்த வயதில் இவரைச் சந்திக்கிறார், அழகும் அடக்கமும் சிவபக்தியும் அவரைக் கவர்கின்றன, மணம் நடக்கிறது. சில வாக்கியங்களில் இளமை முடிந்துபோகிறது. அதன்பின் நாம் காண்பது வெள்ளாடை உடுத்த, அனைவரும் வணங்கும் கைம்பெண்ணை. கதையின் இறுதிப் பகுதியில், இறந்து பிறந்ததாகக் கருதப்பட்ட குழந்தையின் உண்மை வெளிப்படும்போதுகூட, அவர் தாயாகத் துடிக்கிறாரேயன்றி, ஒரு காலத்தில் தாம் யாருக்கோ மகளாய் இருந்ததை நினைப்பதில்லை.

கல்வெட்டுகளும் அதிகம் சொல்லவில்லையே என்று ஆசிரியருக்காக வாதாடலாம். உண்மைதான். ஆனால் சொல்லியிருப்பவற்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். 941-ஆம் ஆண்டளவிலேயே, முதலாம் பராந்தகன் ஆட்சியில், இவர் சிவன் கோயிலில் நந்தா விளக்கு வைத்த செய்தி கிடைக்கிறது. கண்டராதித்தர் அரியணை ஏறியது ஏறத்தாழ 950-இல், மறைந்தது 957-இல். இவரைப் பற்றிய செய்திகளோ 1001 வரை தொடர்கின்றன. முதல் விளக்குக்கும் கடைசிச் செய்திக்கும் இடையே அறுபது ஆண்டுகள்! அப்படியானால் அந்த முதல் விளக்கை வைத்த கைகள் மிக இளைய கைகளாகத்தான் இருந்திருக்க வேண்டும். கணவரை இழந்தபோதும் இவருக்கு முதுமை வந்திருக்க இயலாது. இந்த எளிய கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால், இளவரசனின் மாளிகையில் புதிதாய் வந்து நின்ற பெண்ணொருத்தி புதினத்தில் எங்கேனும் எட்டிப் பார்த்திருப்பாள்.

கல்வெட்டுகள் இவரை ‘மழவரையர் மகளார்’ என்று குறிக்கின்றன. கண்டராதித்தரின் தேவி என்கின்றன. உத்தம சோழனைப் பெற்றவர் என்கின்றன. பிறந்தபோது சூட்டிய பெயரை மட்டும் சொல்வதில்லை. இவர் மகன் உத்தம சோழனின் தேவியரும் பழுவேட்டரையர் மகளார், இருங்கோளர் மகளார், விழுப்பரையர் மகளார் என்றே வரிசையில் நிற்கின்றனர். திருநல்லம் எனும் கோனேரிராசபுரத்துக் கோயிலைக் கற்றளியாக்கியபோது, தம் பெயரை அன்றி, மறைந்த கணவர் பெயரையே இவர் முன்னிறுத்தினார். அங்கே சிற்பத்தில் சிவலிங்கத்தை வழிபடுபவரும் கண்டராதித்தரே.

இம்மலைக்கும் மழவருக்கும் பழைய உறவு உண்டு. ஓரி ஆண்ட கொல்லி இது. செம்மேட்டில் அவனுக்குச் சிலை நிற்கிறது. பெரிய பிராட்டியை எழுபது கொண்டையூசி வளைவுகளுக்கு மேலே ஏற்றி நம்மூர்ப் பெண்ணாக்கிவிட நமக்கும் ஆசைதான். மழவர் காவிரியின் வடகரையெங்கும் பரவியிருந்தவர்கள் ஆதலால் அதற்குத் துணியவில்லை. எனினும் கொல்லி மழவன் மகள் ஒருத்தியைச் சேக்கிழார் காட்டுகிறார். முயலகன் என்னும் நோயால் வாடிய அவளைத் தந்தை திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலில் கொண்டுவந்து கிடத்துகிறான், சம்பந்தர் பாடுகிறார், அவள் எழுந்து தந்தையின் அருகில் வந்து நிற்கிறாள். நோய்க்குப் பெயர் இருக்கிறது, ஊருக்குப் பெயர் இருக்கிறது. அவளுக்கு இல்லை.

குறை சொல்லும் நாம் மட்டும் யோக்கியமா என்று நம்மையே கேட்டுக்கொண்டோம். மரியாளின் சிறுமிப் பருவத்தைப் பற்றி நான்கு நற்செய்திகளும் மௌனம் காக்கின்றன. இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த, யாக்கோபின் பெயரால் வழங்கும் நூலொன்று அம்மௌனத்தை நிரப்பப் புறப்பட்டது. அதில் மூன்று வயதுக் குழந்தை எருசலேம் ஆலயத்துக்கு அனுப்பப்படுகிறாள். வானதூதர் கையால் உணவு பெறுகிறாள். விவிலியத்தில் அந்நூல் இடம்பெறவில்லை. ஆயினும் சுவக்கீன், அன்னா என்ற பெயர்களை அதிலிருந்து எடுத்துக்கொண்டு சூலை 26-இல் விழாக் கொண்டாடுகிறோம். அக்குழந்தை விளையாடியதாகவோ முரண்டு பிடித்ததாகவோ அங்கும் ஒரு வரி கிடையாது. மறையுரைகளில் நாமும் அப்படித்தான் பேசி வந்திருக்கிறோம்.

கல்கியின் மீது நமக்குள்ள வழக்கும் இதுவே. காதலிக்கப் போகிறவளுக்கு இளமை வேண்டும். ஆகவே வானதிக்குக் கொடுத்தார். பக்தி செய்கிறவளுக்கு அது வேண்டியதில்லை என்று எண்ணிவிட்டார். பக்தியும் எங்கோ ஒரு வீட்டில், யாரோ ஒருவர் மடியில் கற்றதுதானே? அந்த வீட்டின் வாசலைக்கூட அவர் திறந்து பார்க்கவில்லை. மனிதரின் பலவீனங்களைக் கண்டு புன்னகைக்கத் தெரிந்த ஓர் எழுத்தாளரிடம் இது நமக்கு வியப்பளிக்கிறது. வாசிங்டன் நகரின் ஃப்ரீர் கலைக்கூடம் 1929-இல் வாங்கிய வெண்கலப் படிமமொன்றைச் செம்பியன் மாதேவியின் உருவம் என்று அறிஞர் சிலர் கருதுவர். அதிலும் அவர் உமையவளின் சாயலிலேயே நிற்கிறார்.

பிறந்த வீட்டிலிருந்து இவர் கொண்டுவந்தவற்றுள் தந்தையின் குலப்பெயரை அடுத்து நமக்கு எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று: பிறந்த நாள். நாகப்பட்டினம் பக்கத்தில் இவர் பெயரால் எழுந்த ஊரின் கோயிலில், சித்திரைக் கேட்டையன்று சிறப்பு வழிபாடு நடக்க மருமகள்மார் ஏற்பாடு செய்திருக்கின்றனர்.

அடுத்த சந்தை நாளில் அம்மாணவி வந்தாள். பெயர் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லி, நட்சத்திரத்தைச் சொன்னோம். “கேட்டையா?” என்று கேட்டுச் சற்று நின்றாள். பிறகு இரண்டாம் பாகத்தை வாங்கிக்கொண்டு போனாள்.