பூட்டும் நீல எழுத்தும்

பரமட்டாவில் நாங்கள் வேலைபார்க்கும் உணவகத்தின் பின்சுவரில் பெடியள் இரவில் கீறுவதைக் காலையில் வெள்ளையடித்து மறைப்பவர்கள் நாங்கள். பெரும்பாலும் இரவல் வளைவுகள். ஒரு நீல எழுத்து மட்டும் சுவரின் வெடிப்பையே தன் கோடாக்கியிருந்தது, அது கலை.

நியூ சவுத் வேல்சின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோருக்கு ஸ்பிறே பெயின்ற் விற்பதைத் தடுக்கிறது. கடைகளில் அது பூட்டுக்குள் கிடக்கிறது. பார்க்குமுன்னே சந்தேகிக்க அந்தப் பூட்டு கடைக்காரரைப் பழக்குகிறது. ஆனால் இதே சிட்னியின் நடைபாதைகளில் 1932 முதல் ஆர்தர் ஸ்ரேஸ் வெண்கட்டியால் எழுதிவந்த, 'நித்தியம்' எனப் பொருள்படும் ஆங்கிலச்சொல், 2000 புத்தாண்டு இரவில் துறைமுகப் பாலத்தில் ஒளிர்ந்தது.

ஊரில் சுவரெழுத்துக்குக் கடைக்காரர் பயந்ததில் நியாயமிருந்தது: ஆமி வந்து விசாரிப்பது அவரைத்தான். இங்கே மிஞ்சுவது வெள்ளையடிக்கும் செலவு.

இருந்தும் நீல எழுத்தை அழித்தபோது நாங்கள் வாய்திறக்கவில்லை.