கோப்பை உள்பக்கம் புரட்டிப் பாருங்கள்

திருப்பூர்ப் பக்கம் தையல் தெரிந்தவர் யாரும் பனியனை வெளிப்பக்கம் மட்டும் பார்த்து எடுக்க மாட்டார். உள்பக்கம் புரட்டி, ஓவர்லாக் ஓடியிருக்கும் விதத்தை விரலால் தடவிப் பார்ப்பார். உடுமலைப்பேட்டையில் டைப்பிங் வேலை பார்க்கும் எனக்கு வேர்டு கோப்பு கைக்கு வந்தாலும் அதே பழக்கம்தான்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். லிப்ரே ஆபீஸ் என்றால் கன்ட்ரோலும் எஃப் 10-உம். கோப்பு உள்பக்கம் புரண்டுவிடும். ஸ்பேஸ் தட்டிய இடமெல்லாம் புள்ளி, டேப் தட்டிய இடத்தில் அம்பு, என்டருக்கு ஒரு பத்திக்குறி. தலைப்பை நடுவில் நிறுத்த ஒருவர் முப்பது புள்ளி வைத்திருப்பார். புதுப் பக்கம் தொடங்கப் பதினான்கு முறை என்டர் தட்டியிருப்பார். அச்செடுத்தால் எதுவும் தெரியாது. மேலே ஒரே ஒரு வரி சேருங்கள், அடுத்த பக்கத்துத் தலைப்பு தன் இடத்தைவிட்டு இறங்கிவிடும்.

நல்ல கோப்பில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். தலைப்பு, அதன் முடிவில் ஒரு பத்திக்குறி, அவ்வளவுதான். நடுவில் நிற்பது, மேலே விடும் இடைவெளி, புதுப் பக்கத்தில் தொடங்குவது எல்லாம் 'ஹெடிங் 1' என்ற ஸ்டைலுக்குள் இருக்கும். அந்த வெறுமையைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் நிறைந்துவிடுகிறது.

அடுத்து, ஸ்டைல்களுக்குள் உள்ள உறவைக் கவனியுங்கள். பேட்டர்ன் மாஸ்டர் எம் சைஸுக்கு ஒரு பேட்டர்ன் போட்டு, அதிலிருந்து கிரேடிங் செய்து எஸ், எல், எக்ஸ்எல் எடுப்பார். இங்கே 'நார்மல்' ஸ்டைல்தான் எம் சைஸ். மற்றவை அதைச் சார்ந்து, தாம் வேறுபடும் இரண்டு மூன்று விஷயங்களை மட்டும் வைத்திருக்கும். நார்மலில் வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள். நாற்பது பக்கமும் ஒன்றாக அசையும். ஏதாவது ஒரு பத்தி மட்டும் அசையாமல் நின்றால், அங்கே யாரோ கைவேலை செய்திருக்கிறார்கள். வேர்டில் அந்தப் பத்தியில் கன்ட்ரோல், க்யூ அழுத்தினால் வழிக்கு வந்துவிடும்.

தமிழ்க் கோப்பில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு. ஒரே ஸ்டைலுக்குள் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழுக்கு 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' என்ற பெயரில் இன்னொன்று, இரண்டுக்கும் தனித்தனி அளவு. ஒரே அளவு கொடுத்தால் லதா என்ற தமிழ் எழுத்துரு பருத்து, பக்கத்தில் உள்ள ஆங்கிலம் சூம்பிப்போய்த் தெரியும். தமிழைச் சற்றே சிறிதாக வைத்து இரண்டையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தவர் யாரோ, அவர் தேர்ந்த கைக்காரர்.

இந்த ஸ்டைல்களையும் மாறாத வாசகங்களையும் சேர்த்து வைக்கும் அச்சுதான் டெம்ப்ளேட். அதன் அருமையை எங்கள் ஊர் 2009-இல் பார்த்தது. அந்த ஆண்டு திருப்பூர் மாவட்டம் உருவாகி, உடுமலை கோவை மாவட்டத்திலிருந்து அதற்குள் வந்தது. டெம்ப்ளேட் வைத்திருந்தவர் அதில் ஒரு சொல்லை மாற்றினார், அதன்பின் எழுதிய கடிதமெல்லாம் சரியாக வந்தது. பழைய கடிதத்தையே திறந்து, தேதியை மாற்றி, வேறு பெயரில் சேமிக்கும் வழக்கம் உள்ள இடங்களிலிருந்து வெகுகாலம் கழித்தும் 'கோயம்புத்தூர் மாவட்டம்' என்று கடிதம் வந்தது. அப்படி ஒன்றை நானே அடித்துக் கொடுத்து, கையெழுத்தாகித் திரும்பி வந்த பிறகுதான் முதல் டெம்ப்ளேட்டை உட்கார்ந்து அமைத்தேன்.