மூலை திரும்பும் மூன்று நொடி

அமெரிக்கக் கால்பந்தில் பந்து போகும் பக்கமே கேமரா போகும். பார்ப்பவர் கண்ணும் அதன் பின்னாலேயே ஓடும். அப்படிப் பந்தையே துரத்திக்கொண்டிருந்தால் இந்த ஆட்டத்தின் மிக நுட்பமான கலை கண்ணில் படாமலே போய்விடும். அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது, பந்து ஸ்னாப் ஆகும் கணத்தில், அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கும் கணத்தில், பார்வையைத் தடுப்பு வரிசையின் ஓரத்துக்குத் திருப்புங்கள். அங்கே 300 பவுண்டுக்கு மேல் எடையுள்ள டேக்கிள் ஒருவர் வேகவேகமாகப் பின்வாங்கிக்கொண்டிருப்பார். அவரைத் தாண்டி, பின்னால் நின்று பந்தை வீசப்போகும் குவார்ட்டர்பேக்கைத் தரையில் சாய்க்கப் பாய்ந்து வருபவர்தான் எட்ஜ் ரஷர். அவருக்கு வாய்க்கும் நேரம் இரண்டரை நொடி, மிஞ்சினால் மூன்று. அதற்குள் அவருடைய காலும் இடுப்பும் கையும் கண்ணும் சேர்ந்து எடுக்கும் முடிவுகளைப் பார்க்கப் பழகிவிட்டால், பிறகு பந்து எங்கே போனாலும் கவலையில்லை.

பந்தை வீசுவதற்குள் குவார்ட்டர்பேக்கை வீழ்த்தினால் அது ஒரு ‘சாக்’. இளம் ரஷர்களை ரசிகர்களும் செய்தியாளர்களும் இந்த எண்ணைக் கொண்டுதான் தரம் பிரிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாக் என்பது பல காரணங்கள் கூடிவந்தால் கிடைப்பது. பின்களத்தில் இருப்பவர்கள் பந்து வாங்க ஓடுபவர்களை ஒரு நொடி கூடுதலாக மறித்திருக்கலாம். குவார்ட்டர்பேக் தயங்கி நின்றிருக்கலாம். 1990 நவம்பரில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் டெரிக் தாமஸ், சியாட்டிலுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 7 சாக் எடுத்தார். ஆட்டத்தின் கடைசி வீச்சில் எட்டாவதும் கைக்குள் வந்து நழுவியது. அவர் பிடியிலிருந்து திமிறிய சியாட்டில் குவார்ட்டர்பேக் டேவ் கிரீக் எறிந்த பந்தில் சியாட்டில் 17-16 என்று வென்றுவிட்டது. டேக்கிளைக் கடந்து குவார்ட்டர்பேக்கை எட்டிய அளவில், அந்த எட்டாவது பாய்ச்சல் முந்தைய ஏழுக்கும் குறைந்ததில்லை. ஆனால் ஆட்டக் குறிப்பில் அதற்கு இடமில்லை. ஒரு இளைஞரைப் பார்க்கும்போது நான் தேடுவது வேறொன்று: முதல் உத்தியை டேக்கிள் தடுத்துவிட்டால், அதற்கடுத்து அவர் உடம்பு என்ன செய்கிறது?

இந்தக் கேள்வி எல்லாக் காலத்திலும் இவ்வளவு முக்கியமாக இருந்ததில்லை. கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1961இல் 14ஆவது சுற்றில் தேர்வாகி லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்கு வந்த டீக்கன் ஜோன்ஸ், டேக்கிளின் தலைக்கவசத்தில் காதுப் பக்கமாக ஓங்கி ஒரு அறை விடுவார். அறை வாங்கியவர் தன்னையறியாமல் கண்ணை மூடித் தலையைத் திருப்புவார். அந்த இமைப்பொழுதில் ஜோன்ஸ் அவரைக் கடந்துவிடுவார். 1977இல் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அந்த அறையைத் தடை செய்தது. அதற்கடுத்த ஆண்டு, தடுப்பவர்கள் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தள்ளலாம் என்று விதியை மாற்றியது. ஒரு பக்கம் ரஷரின் பெரிய ஆயுதம் பறிபோனது. மறுபக்கம் டேக்கிளுக்கு இரண்டு கைகள் கிடைத்தன. இன்று நாம் ரசிக்கும் கைவேலை முழுக்க அந்த இரண்டு விதிகளின் பிள்ளை என்றே சொல்வேன். எதிரே நீண்டு வரும் கைகளை வெட்டவோ தட்டவோ மடக்கவோ தெரியாத ரஷருக்கு அதன்பின் எவ்வளவு பலம் இருந்தும் வழியில்லை. சாக்குகளை லீக் அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1982இல்தான் என்பதால், ஜோன்ஸின் கணக்கு அந்த ஏட்டில் ஏறவே இல்லை.

முதலில் காலைப் பாருங்கள். எந்தக் குரலுக்குப் பந்து ஸ்னாப் ஆகும் என்பது டேக்கிளுக்குத் தெரியும், ரஷருக்குத் தெரியாது. அவர் பந்தின் முதல் அசைவைக் கண்டு கிளம்ப வேண்டும். அந்தப் பின்தங்கலை முதல் இரண்டு எட்டில் ஈடுகட்டினால் டேக்கிளுக்குப் பதற்றம் வரும். நிதானமாகப் பின்னால் சறுக்க வேண்டியவர் திரும்பி ஓடத் தொடங்குவார். எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறும் அந்த நேரத்தில் அவரைச் சாய்க்கலாம்.

அடுத்து கை. டேக்கிளை நேருக்கு நேர் நெஞ்சில் மோதுவது வீண். ஏதேனும் ஒரு தோளை மட்டும் குறிவைத்து, பாதி மனிதனோடு மட்டும் மோது என்பது பயிற்சியாளர்களின் பாலபாடம். டேக்கிளின் மணிக்கட்டை வெளியிலிருந்து வெட்டுவது, அக்குளுக்கடியில் கையை நுழைத்து மேலே கிழித்துப் போவது, தோளுக்கு மேலாகக் கையை நீச்சலடிப்பது போல் வீசிக் கடப்பது என்று வகைகள் பல. எனக்குப் பிடித்தது ஒற்றைக் கையை நீட்டி டேக்கிளின் நெஞ்சில் ஊன்றும் லாங் ஆர்ம். இரண்டு கையையும் நீட்டினால் தோள் நேராக நிற்கும். ஒரு கையை மட்டும் நீட்டும்போது தோள் திரும்புவதால் அந்தக் கை இன்னும் சில அங்குலம் தூரம் எட்டும். அந்தச் சில அங்குலத்தில் டேக்கிளின் கை ரஷரின் மேல் படாது, ரஷரின் கை டேக்கிளின் மேல் பட்டிருக்கும்.

பிறகுதான் கற்றுக்கொடுக்க மிகக் கடினமான விஷயம் வருகிறது: மூலை திரும்புதல். டேக்கிளின் தோளைத் தாண்டியதும் நேராகவே ஓடிக்கொண்டிருந்தால் குவார்ட்டர்பேக்கைத் தாண்டி எங்கோ போய்விடுவோம். வேகம் குறையாமல் உள்ளே திரும்ப வேண்டும். வளைவில் சாயும் மோட்டார் சைக்கிளைப் போல உடம்பு மொத்தமும் தரையை நோக்கிச் சாய வேண்டும். அதுவும் முதுகில் ஒருவர் முழு எடையோடு அழுத்திக்கொண்டிருக்கும்போது. தரையில் பெரிய வளையங்களைப் போட்டு அவற்றைச் சுற்றி ஓடவிட்டு இதற்குப் பயிற்சி தருகிறார்கள். கணுக்கால் மடங்க வேண்டும், இடுப்பு தளர வேண்டும். பயிற்சி உதவும், ஆனால் பிறவியிலேயே இல்லாத கணுக்காலை யாரும் செய்து தர முடியாது. டென்வர் பிராங்கோஸின் வான் மில்லருக்கு அந்தக் கணுக்கால் இருந்தது. மோதப்போவது போல வந்து, டேக்கிளின் கை நீளும்போது அந்தக் கைக்கடியில் அப்படியே தாழ்ந்து மறைந்துவிடுவார். 2016 பிப்ரவரியில், லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் 50ஆவது பதிப்பில் கரோலைனா பேந்தர்ஸை அவர் அலைக்கழித்தார். இரண்டரை சாக், குவார்ட்டர்பேக்கின் கையிலிருந்து இரண்டு முறை பந்தைத் தட்டிவிட்டது, கூடவே ஆட்ட நாயகன் விருது.

இதுவரை சொன்னதெல்லாம் முதல் உத்தி. தொழில்முறை டேக்கிள்கள் முதல் உத்தியைத் தடுப்பதற்கே சம்பளம் வாங்குகிறார்கள். பெரிய ரஷர்கள் அந்தத் தடுப்பையே தங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்வார்கள்.

ட்வைட் ஃப்ரீனி 2002இல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கு வந்தபோது, ஆறடி ஒரு அங்குலம்தானே, இந்த இடத்துக்குக் குள்ளம் என்றார்கள். முதல் பருவத்திலேயே 13 சாக். அவருடைய வெளிப்பக்க வேகம் அப்படி. ஓரிரு ஆட்டங்கள் அவரைப் பார்த்த டேக்கிள், அந்த வேகத்துக்குப் பயந்து முன்கூட்டியே வெளிப்பக்கம் சாய்ந்து ஓடுவார். ஃப்ரீனி காத்திருந்தது அதற்குத்தான். நாலாவது எட்டில் வெளிக்காலை ஊன்றி, டேக்கிளுக்கு முதுகு காட்டி, உள்பக்கமாக ஒரு சுழல். டேக்கிளின் எடை முழுக்க வெளிப்பக்கம் போயிருப்பதால் அவரால் திரும்ப முடியாது. அந்தச் சுழலைப் பின்னால் எத்தனையோ பேர் நகலெடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் சுழன்று முடிக்கும்போது டேக்கிளின் நெஞ்சிலேயே போய் முடிந்தார்கள். காரணம் எளிது. அவர்களுடைய வேகத்துக்கு எந்த டேக்கிளும் பயந்திருக்கவில்லை.

ரெஜி வைட் இன்னொரு விதம். வெளிப்பக்கம் ஓடுவது போலவே கிளம்புவார். டேக்கிள் அவரை மறிக்க வெளிப்பக்கம் எடையைச் சாய்த்ததும், உள்பக்கக் கையை அவர் விலாவுக்கடியில் கொடுத்து, அவர் சாய்ந்த திசையிலேயே தூக்கி எறிந்துவிட்டு உள்ளே நுழைவார். 300 பவுண்டு மனிதர் பக்கவாட்டில் பறப்பதைப் பார்த்தால் வெறும் பலம் என்றுதான் தோன்றும். எனக்கு அது காலக்கணிப்பு. அரை நொடி முன்னால் செய்திருந்தால் டேக்கிளின் எடை இன்னும் நடுவில்தான் இருந்திருக்கும். வைட்டாலும் அசைத்திருக்க முடியாது. 1997 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த சூப்பர் பவுலில், கிரீன் பே பேக்கர்ஸுக்காக ஆடியபோது அவருக்கு வயது 35. மூன்று சாக் எடுத்தார். அதில் இரண்டு அடுத்தடுத்த ஸ்னாப்களில். எதிரணியான பேட்ரியட்ஸின் டேக்கிளுக்கு வைட்டின் உத்தி தெரியாததல்ல, லீக் முழுக்க அறிந்ததுதான். தெரிந்தும் வெளிப்பக்கம் சாய வேண்டிய கட்டாயத்தை வைட் உண்டாக்கினார்.

கல்லூரியிலிருந்து வரும் இளைஞர்களிடம் இந்த இரண்டாவது உத்தி ஏன் அரிதாக இருக்கிறது என்றால், அங்கே அவர்களுக்கு அது தேவைப்படுவதில்லை. எதிரே நிற்கும் டேக்கிள்களில் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிறவர் சிலரே. முதல் எட்டிலேயே வென்றுவிடுகிற பையனுக்கு அடுத்த எட்டைப் பற்றி யோசிக்க என்ன இருக்கிறது? ஆண்டுதோறும் இண்டியானாபொலிஸில் நடக்கும் காம்பைன் சோதனையும் இதைக் காட்டாது. 40 கெஜ ஓட்டம், தாவல், கையின் நீளம் எல்லாம் அளப்பார்கள். எதிரே டேக்கிள் இருக்க மாட்டார். அந்தச் சோதனையில் அசத்திய ஒஹையோ ஸ்டேட் கல்லூரியின் வெர்னன் கோல்ஸ்டனை 2008இல் நியூயார்க் ஜெட்ஸ் 6ஆவது ஆளாக எடுத்தது. லீக்கில் அவர் ஒரு சாக்கூட எடுக்காமல் போனார். 2003இல் டெரல் சக்ஸ், டிராஃப்டுக்கு முன் ஓடிக் காட்டிய ஓட்டம் மெதுவாக இருந்ததால் 10ஆவது இடத்துக்கு இறங்கி பால்டிமோர் ரேவன்ஸுக்குப் போனார்; ஓய்வு பெறும்போது 139 சாக். ஈஸ்டர்ன் மிச்சிகன் என்ற அதிகம் பேசப்படாத கல்லூரியிலிருந்து 2019இல் 4ஆவது சுற்றில் வந்த மேக்ஸ் கிராஸ்பி, முதல் பருவத்திலேயே ரெய்டர்ஸுக்காக 10 எடுத்தார். கிராஸ்பியை ஒரு ஆட்டம் முழுக்கப் பார்த்தால் புரியும். தடுக்கப்பட்ட பிறகும் அவர் கைகள் ஓய்வதே இல்லை.

2024 டிராஃப்ட் இந்தக் கலையின் ரசிகர்களுக்கு நல்ல விருந்து. முதல் 14 தேர்வுகளும் தாக்குதல் ஆட்டக்காரர்களுக்கே போயின. அதற்கு முன் எந்த டிராஃப்டிலும் அப்படி நடந்ததில்லை. 15ஆவதாக கோல்ட்ஸ் எடுத்தது லயாட்டு லாட்டுவை. கழுத்துக் காயத்தால் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆட்ட வாழ்க்கையே முடிந்தது என்று மருத்துவர்கள் சொன்ன பையன், யூ.சி.எல்.ஏ.வுக்குப் போய் 2023இல் 13 சாக் எடுத்தார். கையோ குட்டை, 33 அங்குலம்கூட இல்லை. அந்தக் குறையை அவர் கைவேலையால் நிரப்பினார். வெட்டு, அது எடுபடவில்லையென்றால் உடனே கிழிப்பு, அதையும் தடுத்தால் உள்ளே திரும்பல் என்று ஒரே பாய்ச்சலில் மூன்று யோசனைகளைக் கல்லூரி வயதில் அவரிடம் பார்த்தபோது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. 21ஆவதாக மயாமி எடுத்த சாப் ராபின்சன் நேரெதிர். 40 கெஜத்தை 4.48 நொடியில் ஓடியவர், முதல் எட்டில் மின்னல். பென் ஸ்டேட்டில் கடைசிப் பருவத்தில் எடுத்தது 4 சாக்தான் என்று அவரைக் குறைசொன்னார்கள். மயாமியில் முதல் ஆண்டு 6 எடுத்தார், அதுவும் பெரும்பாலும் பருவத்தின் பிற்பாதியில். டேக்கிள்கள் பயப்படும் வேகம் ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது. அதற்குமேல் ஒரு உள்திரும்பல் மட்டும் கைவந்தால் போதும். லாட்டுவுக்கோ யோசனைகள் இருக்கின்றன. அவற்றுக்கு முன் டேக்கிளைக் கலங்கடிக்கும் அந்த முதல் எட்டைத்தான் அவர் தேட வேண்டும். இரண்டில் எது எளிது என்று கேட்டால் ராபின்சனுடையது என்பேன். கை கற்றுக்கொள்ளும், கால் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

இவர்கள் இருவருக்கும் நடுவே 19ஆவதாகப் போனவர் ஜாரெட் வெர்ஸ். தங்கள் நட்சத்திரத் தடுப்பாட்டக்காரர் ஆரன் டோனல்ட் ஓய்வு பெற்ற சில வாரங்களில் ராம்ஸ் வெர்ஸை எடுத்தது. ஆல்பனி என்ற சிறிய கல்லூரியில் தொடங்கி ஃபிளாரிடா ஸ்டேட்டுக்கு மாறியவர். முதல் பருவத்தில் அவர் எடுத்தது நாலரை சாக். அதே ராம்ஸில் புதிதாக வந்த பிரேடன் ஃபிஸ்க் எட்டரை எடுத்தார். இருந்தும் ஆண்டின் சிறந்த புதிய தடுப்பாட்டக்காரர் விருது வெர்ஸுக்கே போனது. அந்த வாக்காளர்கள் எண்ணைத் தாண்டிப் பார்த்திருக்கிறார்கள். குவார்ட்டர்பேக்கை நெருக்கி அவசரப்படுத்துவதில் அந்த ஆண்டுப் புதியவர்களில் முதலாவது ஆள் அவர்தான். ஒற்றைக் கையை டேக்கிளின் நெஞ்சில் ஊன்றி, அவரைக் குதிகால் மேல் ஏற்றி, குவார்ட்டர்பேக்கின் மடியில் கொண்டுபோய்த் தள்ளுவதுதான் அவர் பாணி. அப்படித் தள்ளும்போது குவார்ட்டர்பேக்குக்கு முன்னே அடியெடுத்து வைக்க இடமில்லாமல் போகிறது. வீச்சு குறி தவறுகிறது அல்லது பக்கத்தில் வரும் ஃபிஸ்க்கின் கையில் அவர் சிக்குகிறார்.

அடுத்தடுத்த பருவங்களில் வெர்ஸைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர் தள்ளும் பலத்தை டேக்கிள்கள் இப்போது அறிந்துவிட்டார்கள். கால்களை அகலமாக ஊன்றி, இடுப்பைத் தாழ்த்தி, முன்பக்கம் எடையைச் சாய்த்துக் காத்திருப்பார்கள். அப்படி முன்சாய்ந்து நிற்பவரின் கையைப் பிடித்து இழுத்துவிட்டு ஓரமாகக் கடப்பது இந்தக் கலையில் பழைய, நிச்சயமான பதில். மூன்றாம், நான்காம் குவார்ட்டரில், டேக்கிள் இருபது முப்பது முறை அந்த மோதலை வாங்கிக் களைத்த பிறகு, வெர்ஸின் நீட்டிய கை தள்ளுகிறதா, இழுக்கிறதா என்று பாருங்கள்.